நாலு ஜாவா பேராண்டி

ஏண்டா பேராண்டி, அந்தச் சின்ன லேப்டாப்புக்குள்ள ஜாவா 8, 11, 17, 21-னு நாலையும் குடிவச்சிருக்கியாமே! கெட்டிக்காரன்தான் போ. இப்ப எது ஓடுதுன்னு கேட்டா மட்டும் மோட்டுவளையைப் பாக்குற.

உன்னைச் சொல்லியும் குத்தமில்ல. 2014-ல வந்த எட்டை விடமாட்டேன்னு ஒரு பழைய புராஜெக்ட். 2021-ல வந்த பதினேழு இல்லாம எந்திரிக்க மாட்டேன்னு ஒரு ஆண்ட்ராய்டு புராஜெக்ட். ரெண்டுக்கும் சோறு போடுறவன் நீதானே.

நேத்து ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 61’னு வந்ததும் எந்தச் சாமி குத்தமோன்னு முழிச்சியே, அந்த 61-ல 44-ஐக் கழிடா. 17 வருதா? பழைய கிரேடில் 6-ஐ ஜாவா 17 மேல ஓட்டப் பாத்திருக்க. 7.3 வந்த பிறகுதான் கிரேடிலுக்கே அந்தத் தெம்பு வந்துச்சு. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. ராத்திரியெல்லாம் போன்ல நீ போடுற கூச்சலைக் கேட்டுக்கேட்டுத் திண்ணைத் தூணுக்கே இதெல்லாம் மனப்பாடம்.

டெர்மினல்ல கேட்டா 11-ங்குது, கிரேடிலைக் கேட்டா 17-ங்குதுன்னு மந்திரிக்கக் கிளம்பிடாத. பாத்-ங்கிறது பந்தி; முந்தி உக்காந்தவனுக்குத்தான் இலை. ஆனா கிரேடில் ஸ்கிரிப்டு முதல்ல ஜாவா ஹோமைத்தான் எட்டிப் பாக்கும். அங்க ஒண்ணும் இல்லேன்னாத்தான் பந்திக்கே வரும். இதுல ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ வேற தன் மடியில தனியா ஒரு ஜாவாவை முடிஞ்சு வச்சிருக்கு. அதுக்கும் உனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது போல.

கோவத்துல சிஸ்டத்தோட சாமானை மட்டும் நோண்டாத. உபுண்டுல பைத்தான்3 லிங்கை வேற வெர்ஷனுக்குத் திருப்பிவிட்டு, டெர்மினலே தொறக்காம உக்காந்திருந்த மகராசனுங்க உண்டு.

கிரேடிலை எதுக்குடா ஊருக்கெல்லாம் ஒண்ணா நிறுவுற? புராஜெக்ட்டுக்குள்ளயே ராப்பர் இருக்கு. எந்த வெர்ஷன் வேணும்னு அதோட பிராப்பர்ட்டீஸ் ஃபைல்ல ஒரே வரி. முதல் தடவை ஓட்டும்போது அதுவே இறக்கிக்கும். பக்கத்துப் புராஜெக்ட்டைத் தொடாது. ஜாவாவுக்கு டூல்செயின்னு ஒண்ணு இருக்கு. பில்ட் ஃபைல்ல 8-னு எழுதி வச்சா, கிரேடில் பாட்டுக்கு 17-ல ஓடும், உன் கோடு 8-ல கம்பைல் ஆகும். ஜாவா ஹோமை மாத்தி மாத்தி விரல் தேய வேண்டாம்.

ராப்பரெல்லாம் போட்டாச்சு தாத்தாங்கிற. சரிதான். கிட்இக்னோர்ல ‘ஸ்டார் டாட் ஜார்’னு ஒரு வரி எழுதி வச்சிருக்கியே, பாத்தியா? அது ராப்பர் ஜாரையும் சேத்து வெளிய தள்ளிடுச்சு. உன் மெஷின்ல ஓடும், குளோன் பண்ணுனவனுக்கு ‘கிரேடில் ராப்பர் மெயின்’ கிளாஸைக் காணோம்னு வரும். அவன் உன்னைத் திட்டுவான், நீ ஜாவாவைத் திட்டுவ.

அந்த ஒரு ஜாருக்கு மட்டும் விலக்கு எழுதி கமிட் பண்ணிட்டு வா. அந்த நாலு ஜாவாவைப் பத்தி அப்புறம் பேசுவோம்.