கனம் பொருந்திய கனவான்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தென்படும் மனித வகைகளுள், மிதிவண்டிக்காரர்களையும் மீன் வாங்க வருபவர்களையும் நீக்கிவிட்டால், தனித்த ஆய்வுக்குரியவராக எஞ்சுபவர் பழைய கார்களுக்கு எடை சொல்பவரே ஆவார். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் ஏதேனும் ஒரு டீக்கடை முன் வண்டியை நிறுத்தி, பானட்டை விரல் முட்டியால் தட்டி, எழுந்த ஓசை அடங்கும்வரை காத்திருந்து, "ரெண்டு டன்னு சார், அத்தனையும் இரும்பு" என்று அறிவிப்பது அவருடைய முதன்மைப் பணியாகும். தேங்காய் வாங்குவோர் முற்றலையும் இளசையும் அறியக் கையாளும் இம்முறையை எடை காண்பதற்கும் விரிவுபடுத்திய பெருமை அவரையே சாரும்.

அவருடைய வழிபாட்டுக்குரியவை அமெரிக்க மசில் கார்கள். அதாவது 1960-களின் நடுப்பகுதியிலிருந்து சில ஆண்டுகள், நடுத்தர அளவு உடலில் எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய எஞ்சினைப் பொருத்தி, நேர்ச்சாலையில் சீறிப் பாய்வதற்கென்றே அமெரிக்க நிறுவனங்கள் விற்ற வண்டிகள். வழிபாடு அப்படியிருக்க, வீட்டில் நிற்பது பெரும்பாலும் காண்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1970-களில் விற்ற காரைத் தழுவி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் தயாரித்த இவ்வண்டி, நீண்ட மூக்கின் காரணமாக 'இந்திய மசில் கார்' என்ற பட்டத்தைப் பெற்றது. ஆனால் தொடக்கத்தில் அதற்குள் இருந்தது அம்பாசிடர் குடும்பத்து ஒன்றரை லிட்டர் எஞ்சின், குதிரைத்திறன் ஏறத்தாழ ஐம்பது. அதன் எடை சுமார் 1,200 கிலோ. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ஆம் ஆண்டின் விதிப்படி வழங்கப்படும் 'விஏ' எழுத்துத் தாங்கிய எண் பலகைக்காக அவர் 2034-ஐ எதிர்நோக்கிப் பொறுமையுடன் இருக்கிறார்.

அமெரிக்க மூலவர்களின் எடையும் அவர் சொல்வதுபோல் இல்லை. அவர் அவ்வரிசையில் சேர்த்துவிடும், ஆறு சிலிண்டர் மட்டுமே பொருத்திய 1965-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் 2,500 பவுண்டுக்குச் சற்றே கூடுதல், அதாவது சுமார் 1,150 கிலோ. மசில் கார் மரபின் மூத்த பிள்ளையாகக் கருதப்படும் 1964-ஆம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓ 1,600 கிலோவை ஒட்டி நிற்கும். உண்மையிலேயே இரண்டு டன்னைத் தாண்டும் மசில் கார் ஒன்று வேண்டுமென்றால், அண்மைக் காலத்து டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்டைத்தான் தேட வேண்டும். ஆயினும் இந்த வேறுபாட்டை அவர் வேண்டுமென்றே உண்டாக்கியதாகக் கருதுவது நியாயமாகாது, ஏனெனில் அமெரிக்க டன் என்பது 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ மட்டுமே. 3,500 பவுண்டு வண்டி அங்கே 'ஒன்றே முக்கால் டன்' ஆகி, பேச்சுவாக்கில் இரண்டாக முழுமை பெற்று, கடல் கடந்து வந்தவுடன் 2,000 கிலோவாகப் பருத்துவிடுகிறது. எண்ணெய், தண்ணீர், பெட்ரோல் எல்லாம் நிரப்பிய நிலையில் காணும் எடை ஒன்று, பெட்ரோல் நிரப்பாமல் ஆலையிலிருந்து அனுப்பும் நிலையில் குறிக்கும் எடை வேறொன்று என்னும் நுட்பத்தை அவரிடம் விளக்கினால், இரண்டையும் கூட்டிக்கொள்வாரோ என்ற அச்சமும் எழுகிறது.

அவர் "தகர டப்பா" என்று இகழும், மைத்துனருக்குச் சொந்தமான, பக்கத்திலேயே நிற்கும் இன்னோவா கிரிஸ்டாவின் எடை சுமார் 1,800 கிலோ. பழைய வண்டியின் தகடு தடிமனானதுதான், தட்டினால் கனத்த ஓசை எழுவதும் உண்மைதான். எனினும் அத்தகட்டுக்கு உள்ளே பெரும்பகுதி காற்றே நிறைந்திருக்கிறது, புதிய வண்டியிலோ கதவுகளுக்குள் மோதல் தாங்கும் எஃகுத் தண்டுகள், காற்றுப்பைகள், ஓசை தடுக்கும் விரிப்புகள், அகன்ற சக்கரங்கள் என ஓசையெழுப்பாத பொருள்கள் அடைந்து கிடக்கின்றன. இவ்வாதத்தை அவர் ஏற்பதில்லை. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் தம் ஒன்றுவிட்ட தம்பி பணியாற்றியதை அவர் இறுதிச் சான்றாக முன்வைப்பார். அவ்வாலையில் மஸ்டாங் தயாரானதே இல்லை என்பதோ, 2016-இல் அது இறக்குமதியாகவே இந்தியாவுக்கு வந்தது என்பதோ சான்றின் வலிமையைக் குறைப்பதில்லை.

மாமல்லபுரத்தில் அவர் மிகவும் மதிப்பவர், கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைப் பாறையருகே நின்று "250 டன்" என்று சுற்றுலாப் பயணிகளுக்கு உரைக்கும் வழிகாட்டி. 1908-இல் ஆளுநர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அது அசையவில்லை என்று சொல்லப்படுவதால், அந்த எண்ணைச் சரிபார்க்க எவரும் பாறையைத் தராசில் ஏற்றப்போவதில்லை. காருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை: ஆர்.சி. புத்தகத்தில் சுமையில்லா எடை அச்சிடப்பட்டிருக்கிறது, செங்கல்பட்டு வட்டாரத்தில் ஜல்லி லாரிகளுக்கான எடை மேடைகளும் உண்டு.

மைத்துனரின் வற்புறுத்தலால் அவர் மேடையேற நேரும் நாளில், முப்பது டன் டிப்பர்களையே பார்த்துப் பழகிய எடைக்காரர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சார், வண்டி முழுசா ஏறிடுச்சா?" என்று கேட்பார். சீட்டில் 1,210 என்று அச்சாகி வரும். அதை இரண்டு முறை படித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் செருகியபின், "டேங்க் காலி, மாப்ளே, அதான்" என்று அவர் விளக்கம் தருவார். பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ என்பதால், விடுபட்ட 790 கிலோவை ஈடுகட்ட ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி தேவைப்படும். அந்த அளவுத் தொட்டி பங்க்குகளில், அதுவும் தரைக்கடியில்தான் இருக்கிறது.