வேதாளத்தின் தபால் பை

பிள்ளைகள் படிக்கத்தக்க மாயாஜாலக் கதைகளையும் சாகசக் கதைகளையும் பற்றிச் சென்ற இதழில் நான் போகிறபோக்கில் எழுதிய நாலு வரிக்கு, தபால்காரர் ஒரு பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து திண்ணையில் இறக்கிவிட்டுப் போனார். அதைத் தோளில் தூக்கியபோது எனக்கு விக்கிரமாதித்தன் ஞாபகமே வந்தது. விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் தலை சுக்குநூறாக வெடிக்கும். திறந்தாலோ பை மறுபடியும் முருங்கைமரம் ஏறிக்கொள்ளும். கேட்டவர்களின் பெயர்களை நான் வெளியிடவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும் என்ற ஜாக்கிரதைதான் காரணம்.

கேள்வி: பேய், பூதம், பறக்கும் கம்பளம் என்றே படித்துக்கொண்டிருந்தால் பையனுடைய பகுத்தறிவு மழுங்கிவிடாதா? (கவலையுள்ள தகப்பனார், ஈரோடு)

பதில்: ஈரோட்டிலிருந்து இந்தக் கேள்வி வராதிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். ஆயினும், மாயக் கதை கேட்கும் பிள்ளையைச் சற்று அருகிலிருந்து கவனித்தீர்களானால், அவனைப்போல் கறாரான தர்க்க சாஸ்திரி ஊரில் வேறொருவர் இல்லையென்று கண்டுகொள்வீர்கள். கம்பளம் பறப்பதை அவன் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்வான். ஆனால் அப்படிப்பட்ட கம்பளம் கையிலிருக்கும்போது மூன்றாம் அத்தியாயத்தில் இளவரசன் எதற்காகக் கால்கடுக்கக் காட்டில் நடந்தான் என்று கேட்டுக் கதை சொல்பவரைத் திணற அடிப்பான். நடக்காததை நம்புவது வேறு. நடக்காததற்கும் ஒரு நியதி வேண்டுமென்று வழக்காடுவது வேறு. முயல் வளைக்குள் விழுந்து அற்புத உலகம் கண்ட ஆலிஸின் கதையை, 1862 ஜூலை 4ஆம் தேதி, ஆக்ஸ்ஃபோர்டுக்கருகே தேம்ஸ் நதியில் படகில் போய்க்கொண்டே மூன்று சகோதரிகளுக்குக் கற்பனை செய்து சொன்ன லூயிஸ் கரோல், உத்தியோகத்தில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் கணித ஆசிரியர். தர்க்க சாஸ்திரத்திலும் நூல் எழுதியவர்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய வேதாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் பிறந்த ‘அம்புலிமாமா’வில், உருவிய வாளும் தோளில் பிணமுமாக ராஜா மயானத்தில் நடந்துவரும் சங்கரின் சித்திரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் பேய்க்குப் பயந்தார்களோ இல்லையோ, ‘இவர்களில் யார் செய்தது நியாயம்?’ என்று கதையின் முடிவில் அந்தப் பேயே கேட்கிற கேள்விக்கு, ராஜா பதில் சொல்வதற்கு முன்னால் தாங்கள் சொல்லிவிட வேண்டுமென்று, விடை அச்சாகியிருந்த பத்தியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு யோசித்தார்கள். நான் படித்த பாடப்புத்தகம் எதுவும் எனக்கு இவ்வளவு நல்ல தேகப்பயிற்சியைப் புத்திக்குக் கொடுத்ததில்லை.

கேள்வி: குழந்தைகளுக்கு எது நல்ல புத்தகம் என்று தீர்மானிக்கும் தகுதி யாருக்கு உண்டு? கல்விமான்கள் அடங்கிய குழு ஒன்றை நியமித்தால் என்ன? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: தாராளமாக நியமிக்கலாம், அங்கத்தினர்களுக்கு வயது பத்துக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பரிகாசத்துக்குச் சொல்லவில்லை. டோல்கீன் என்ற ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் ஒரு கோடைகாலத்தில் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு மாணவன் ஒரு பக்கத்தை எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தானாம். திருத்துகிறவருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் உண்டா என்பது தங்களுக்கே தெரியும். அந்த வெற்றுப் பக்கத்தில், பொந்துக்குள் வாழும் ஹாபிட் என்ற ஒரு பிராணியைப் பற்றிக் காரணமே தெரியாமல் அவர் எழுதிவைத்த ஒரு வாக்கியம் வளர்ந்து புத்தகமானது. கைப்பிரதியைப் பெற்றுக்கொண்ட பிரசுரகர்த்தர் ஸ்டான்லி அன்வின், அதைப் பண்டிதர்களுக்கு அனுப்பாமல், பத்து வயதுள்ள தம் மகன் ரேய்னரிடம் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். பையன் 1936 அக்டோபரில் எழுதிக்கொடுத்த அறிக்கையின் முடிவு, ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இக்கதை பிடிக்கும் என்பது. தான் பத்து வயதுப் பெரிய மனிதனல்லவா, தன்னை விட்டுவிட்டுத் தனக்கு இளையவர்களுக்குச் சிபாரிசு செய்திருக்கிறான்! 1937இல் வெளிவந்த அந்தப் புத்தகம் இன்றுவரை அச்சில் இருக்கிறது. அதே ரேய்னர் வளர்ந்து பெரியவராகி, டோல்கீனின் அடுத்த பெருநூலைப் பிரசுரிக்கலாமா என்ற யோசனை எழுந்தபோது, ஆயிரம் பவுன் நஷ்டம் வந்தாலும் வரும் என்று தகப்பனாருக்கு எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து வயதில் இருந்த தீர்க்கதரிசனம் வயதேற ஏற மங்கத்தான் செய்கிறது. நல்லவேளையாகப் பிரசுரத்தைக் கைவிடவில்லை.

ஹாரி பாட்டருக்கும் இதே கதைதான். பல பிரசுராலயங்கள் வேண்டாமென்று திருப்பியனுப்பிய கைப்பிரதியின் முதல் அத்தியாயத்தை, ப்ளூம்ஸ்பரி நிறுவனத்தின் தலைவர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தம் எட்டு வயது மகளிடம் கொடுக்க, அவள் மீதி எங்கே, மீதி எங்கே என்று அவரைப் பிடுங்கியெடுத்த பிறகே அது 1997இல் புத்தகமாயிற்று.

ஆசிரியரே தீர்ப்பை எதிர்த்தாலும் இந்த நியாயஸ்தலத்தில் செல்லாது. ‘ஓஸ்’ என்ற மாய தேசத்தைச் சிருஷ்டித்த அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் பாம், 1910இல் ஆறாவது புத்தகத்தோடு அலுத்துப்போய், அந்த தேசம் வெளியுலகத்தின் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டுவிட்டது, இனி அங்கிருந்து சேதி எதுவும் வராது என்று கதவைச் சாத்தினார். வாசகச் சிறுவர்கள் விடுவார்களா? கம்பியில்லாத் தந்தி இருக்கிறதே, அதன் மூலம் சேதி வாங்கலாமே என்று ஒரு குழந்தை யோசனை சொல்ல, 1913இல் ஏழாவது புத்தகம் வந்துவிட்டது. அந்நாளில் அவருக்குக் கடன் தொல்லை இருந்ததென்பதும் வாஸ்தவம்தான். ஆனால் கடன்காரன் நெருக்கலாம், கம்பியில்லாத் தந்தியைக் காட்டிக்கொடுக்க அவனுக்குத் தெரியுமா?

கேள்வி: என் மகன் தினந்தோறும் எத்தனை பக்கம் படிக்க வேண்டும் என்று நிர்ணயிக்கலாம்? (ஒழுங்கில் பற்றுள்ளவர், கோயமுத்தூர்)

பதில்: ‘இன்னும் ஒரே ஒரு பக்கம்’ என்று அவன் கெஞ்சுகிறவரை. அதன்பிறகு ஒரு பக்கம்.

கேள்வி: சித்திரக்கதை தவிர வேறெதையும் அவன் தொடமாட்டேன் என்கிறான். கெட்டுப்போவானோ? (ஒரு தாயார், மதுரை)

பதில்: அம்மணி, 1972இல் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ இரும்புக்கை மாயாவியை ஊருக்குள் கொண்டுவந்தபோது, தங்களைப்போன்ற தாய்மார்கள் அத்தனை பேரும் இப்படித்தான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். மின்சாரம் உடம்பில் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக் கை மாத்திரம் அந்தரத்தில் திரியும் கதை அது. (மின்சாரத்தைத் தொட்டால் மனிதன் மறைந்துவிடுவான் என்பது சத்தியமே, திரும்பி வருவதில்தான் சிரமம், இதை எந்தப் பிள்ளையும் பரீட்சித்துப் பார்க்காமலே அறிந்திருந்தான்.) அன்றைக்குக் கணக்கு நோட்டுக்குள் மாயாவியை ஒளித்துவைத்துப் படித்தவர்கள் இன்றைக்குத் தடித்தடியான நாவல்களைப் படிக்கிறார்கள், சிலர் எழுதவும் எழுதுகிறார்கள். அவன் படித்து முடித்ததும் தாங்கள் ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு, வில்லன் எப்படித் தப்பித்தான் என்று அவனிடமே சந்தேகம் கேளுங்கள். அவன் விளக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் சாதம் குழைந்துவிடும், பரவாயில்லை.

கேள்வி: நானே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தால், அவள் தானாகப் படிக்கவே கற்றுக்கொள்ள மாட்டாளே? (தகப்பனார், காரைக்குடி)

பதில்: வாசித்துக் காட்டுங்கள், ஆனால் எங்கே நிறுத்துவதென்று ஆயிரத்தொரு இரவும் ஒரு சுல்தானைக் காக்கவைத்தாளே, அந்த ஷஹ்ரசாத்திடம் கற்றுக்கொண்டு வாசியுங்கள். குகையின் கதவு திறந்தது, உள்ளே இருட்டில் இரண்டு கண்கள் மின்னின என்ற இடத்தில், ‘அடுப்பில் பால் பொங்குகிறது’ என்று எழுந்து போய்விடுங்கள். புத்தகத்தை மூடாமல் குப்புற வைத்துவிட்டுப் போவது முக்கியம். திரும்பி வருவதற்குள் அவள் எழுத்துக்கூட்டியாவது அந்தக் கண்கள் யாருடையவை என்று கண்டுபிடித்திருப்பாள். தவிரவும், வாசிக்கிறவருக்கும் இதில் லாபம் உண்டு. ஸ்வீடன் தேசத்தில் 1941இல் நோய்ப்படுக்கையிலிருந்த ஏழு வயது மகள், தான் அந்த நிமிஷத்தில் உண்டாக்கிய ‘பிப்பி’ என்ற விசித்திரப் பெயரைச் சொல்லி, அவளைப் பற்றிக் கதை சொல் என்று தாயைக் கேட்டாள். குதிரையை ஒற்றையாளாகத் தூக்கும் அந்தச் சிறுமியின் கதையைச் சொல்லிச் சொல்லிப் பழகிய தாயார் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென், 1944இல் பனியில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிப் படுத்திருந்த நாட்களில் அதை எழுதிவைக்க, மறுவருஷம் அது நூலாகி உலகம் சுற்றியது. தாங்கள் சுளுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: இங்கிலீஷ்காரர்களையே சொல்லிக்கொண்டு போகிறீர்களே, தமிழில் ஆள் இல்லையா? (தமிழன்பர், தஞ்சாவூர்)

பதில்: புதுக்கோட்டைச் சீமைத் தண்ணீரில் என்ன கலந்திருந்ததோ, அங்கிருந்தே இரண்டு பேர் வந்தார்கள். ராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பா, பகலெல்லாம் வங்கியில் கணக்குப் பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதினார். தம்மைப்போன்றவர்களைத் திரட்டி 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கமும் கண்டார். அரிமளத்தில் 1925இல் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, பெரியவர்களுக்குக் ‘கௌசிகன்’ என்றும் சிறியவர்களுக்கு ‘வாண்டுமாமா’ என்றும் இரண்டு வேஷம் கட்டினார். ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ பத்திரிகைகளைப் படித்தவர்களைக் கேளுங்கள். கௌசிகனை எத்தனை பேருக்குத் தெரிகிறது, வாண்டுமாமாவை எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று. குழந்தைகள் பெயர் மறப்பதில்லை. பெரியவர்கள்தான், விருது கொடுக்கிற நாளில்கூட, குழந்தை எழுத்தாளரைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள்.

கேள்வி: கண்ணாடி அலமாரியில் நூறு கதைப் புத்தகங்களைப் பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிள்ளைகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லையே? (சேலத்து அன்பர்)

பதில்: சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, பிறகு சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் எழுதிய நூலக விதிகளில் முதலாவதாக, புத்தகங்கள் பயன்படுவதற்கே என்று வைத்தார். இதைக்கூட ஒருவர் எழுதிச் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருந்தேன். தங்கள் கடிதத்தைப் பார்த்தபின் வேண்டும் என்று தெரிகிறது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்களாம். அங்கேயாவது சங்கிலி மேஜைவரை எட்டிற்று. சாவியைத் தொலைத்துவிடுங்கள். கிழியட்டும். பத்து வயதில் நான் இரவல் வாங்கிய ஒரு மாயத்தீவுக் கதையில் கடைசிப் பக்கங்களை யாரோ வேர்க்கடலை மடிக்கக் கிழித்திருந்தார்கள். அந்தத் தீவிலிருந்து கதாநாயகனை எவ்வாறு கரைசேர்ப்பதென்று, தூக்கம் வராத இரவுகளில் இன்றைக்கும் யோசிக்கிறேன். முழுப் புத்தகமாகக் கிடைத்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

கேள்வி: ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள்ளே தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கன், அதைப் போய் இளவரசியிடம் ஏன் சொன்னான்? என் தம்பியும் கேட்கிறான். (ஐந்தாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி)

பதில்: குழந்தாய், இந்தப் பையிலிருந்த கடிதங்களிலேயே கேள்வி என்று சொல்லத்தக்கது உன்னுடையது ஒன்றுதான். அவன் சொல்லாவிட்டால் கதை முடியாது என்று நான் தப்பித்துக்கொள்ளலாம், நீ விடமாட்டாய். இளவரசி அழுதாள், அதனால் இரங்கிச் சொன்னான் என்பது பாட்டிமார் கட்சி. ஊரையே விழுங்குகிறவன் ஓர் அழுகைக்கு மசிவானா என்று நீ திருப்பிக் கேட்பாய். எனக்குத் தோன்றுவது வேறு. கண்ணாமூச்சி ஆட்டத்தில் எவரும் கண்டுபிடிக்க முடியாத ஓர் இடத்தில் ஒளிந்துகொண்டு, நேரம் போகப் போக, யாரும் வரவில்லையே என்று மனம் பொறாமல் நீயாகவே இலேசாக இருமியிருக்கிறாயா, இல்லையா? அத்தனை சாமர்த்தியமான மறைவிடத்தைக் கண்டுபிடித்தவன், ஒருவரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள வழியில்லாமல் எத்தனை வருஷம்தான் சும்மா இருப்பான்?

இந்த விடை திருப்தியில்லாவிட்டால் மறுபடி எழுது. நீ அரக்கனாக இருந்தால் உயிரை எங்கே வைத்திருப்பாய் என்பதையும் எழுதியனுப்பு. உறையை நன்றாக ஒட்டி, நீயே கொண்டுபோய்ப் பெட்டியில் போடு. தம்பி கையில் கொடுத்தனுப்பாதே.