மஞ்சப்பை வழியாக ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய கணினி, வலைப்பின்னல் மேம்பாட்டுக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

நம் ஆராய்ச்சி மையத்தின் இணைய வசதியை மேம்படுத்த யோசனை கேட்டுத் தாங்கள் அனுப்பிய ஆன்லைன் படிவம் கிடைத்தது. திறக்கத்தான் இல்லை. ஆகவே இதை மூன்று பிரதிகள் எழுதி, நம்மிடம் உள்ள ஒரே அதிவேக வலைப்பின்னலான மஞ்சப்பையில் போட்டு அனுப்புகிறேன்.

போன வியாழக்கிழமை டெல்லி மதிப்பீட்டுக் குழுவின் காணொலிக் கூட்டத்தில் தாங்களும் இருந்தீர்கள். வறட்சி தாங்கும் நெல்லில் செய்த மூன்று வருட வேலையை நான் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். இரண்டாவது ஸ்லைடிலேயே உறைந்துவிட்டேன். வாய் பாதி திறந்து, ஒரு கண் செருகி, டெல்லியின் பெரிய திரையில் நான்கு நிமிடம் அப்படியே நின்றேனாம். "அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று ஒரு பேராசிரியர் பதறினாராம். கடைசியில் டீ கொண்டுவந்த ஒப்பந்த ஊழியர்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனை நீட்டினார். "சார், என் ஹாட்ஸ்பாட்டப் போட்டுக்கோங்க. பாஸ்வேர்டு என் பொண்ணு பேருதான்." வறட்சி தாங்கும் நெல் அவருடைய ரீசார்ஜில் டெல்லி போய்ச் சேர்ந்தது.

அந்த மனிதருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கூட்டத்தில் "தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது" என்று சிரித்தபடி சொன்னீர்கள். எனக்குத்தான் கூசியது. போகட்டும், தங்கள் சாதனைகளுக்கு வருகிறேன்.

2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாயில் தேசிய அறிவு வலைப்பின்னலுக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அந்தக் கண்ணாடி இழை நம் வாசலுக்கும் வந்தது. மேளதாளம் மட்டும்தான் இல்லை. நிர்வாகக் கட்டிடத்தில் ஓர் இரும்பு ரேக்கில் குடியேறியது. ரேக்கின் சாவி யாரிடம் இருந்ததோ அவர் ரிட்டையர் ஆகிவிட்டார். அங்கிருந்து என் ஆய்வகம் 180 மீட்டர். செப்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் தாங்காது என்பதால், நடுவே சைக்கிள் ஷெட்டில் எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்றைப் பிரதிஷ்டை செய்திருக்கிறோம். மழைக்கு அதன்மேல் பால் கவர், காற்றுக்கு ரப்பர் பேண்ட். வேகம் நொடிக்கு 100 மெகாபிட். அதுவும் அணிலுக்கு வேறு தீனி கிடைத்த நாளில்.

நெல்லின் மரபணுத்தொகை ஏறத்தாழ 40 கோடி எழுத்துகள். பிழையில்லாமல் தெரிய வேண்டுமானால் ஒரே ரகத்தை முப்பது தடவையாவது வாசிக்க வேண்டும். இருநூறு ரகம் சேர்ந்தால் இரண்டு டெராபைட் வந்துவிடும். இதை நம் கேபிளில் அனுப்பினால், ஒரு நொடிகூட அறுபடாமல் போனாலும், 44 மணி நேரம். டீ தந்த அதே மனிதர் ஹார்ட் டிஸ்க்கை மஞ்சப்பையில் போட்டுச் சர்வர் அறைக்கு நடந்து போக, வழியில் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரம் உட்பட, 6 நிமிடம். கணக்குப் போட்டேன்: நொடிக்கு 44 கிகாபிட்! (டிஸ்க்கில் காப்பி செய்யும் நேரத்தை ஆடிட் கேட்டால் தனிக் குறிப்பு தருகிறேன்.) 2021-ல் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். நாம் அதை விட்டால்தானே மீண்டும் எடுக்க?

இப்படி இருக்கையில், பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் தடை என்று தங்கள் சுற்றறிக்கை வந்திருக்கிறது. நல்ல முடிவு. மரபணு வாசிக்கும் என் கருவியோடு இருக்கும் கணினி விண்டோஸ் 7-ல் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவியது 2020 ஜனவரி 14-ல். அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும், பையை மட்டும் தைத்துவிடுவோம்.

24 போர்ட் ஸ்விட்ச் ஒன்று கேட்டு நான் போட்ட கோப்பின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு மாதம் மேசை மேசையாகச் சுற்றியது. "பழைய ஸ்விட்ச் ஏன் போதாது?" என்று ஒரு குறிப்பு, "இது எலெக்ட்ரிக்கல் பிரிவைச் சேர்ந்தது" என்று இன்னொன்று. போன மாதம் எலெக்ட்ரீஷியன் வந்து என் அறைச் சுவரில் ஒரு ஸ்விட்ச் மாட்டிவிட்டுப் போனார். ஆறு ஆம்பியர். போட்டுப் பார்த்தேன், ஃபேன் சுற்றியது. ஒப்புகையில் "நன்னிலையில் பெறப்பட்டது" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

தங்கள் குழு புதிய கணினி மையத்துக்குக் கட்டிட வரைபடம் தயாரித்து வருவதாக அறிகிறேன். திறப்பு விழாவுக்கு வாழ்த்துகள். அதற்கு முன் 180 மீட்டர் கண்ணாடி இழையும் அந்த ரேக்கின் சாவியும் கிடைத்தால் போதும். சாவிக்கு டெண்டர் வேண்டாம். ரிட்டையர் ஆனவர் பின் தெருவில்தான் இருக்கிறார், காலையில் பால் வாங்க வருவார்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
சென்ற வியாழக்கிழமை உறைந்த விஞ்ஞானி

இணைப்பு: இல்லை.