எது முந்துகிறதோ அது

எங்கள் மின்சாரக் காரின் வாரண்டி முடிந்துபோன சேதி எங்களைவிடக் காருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது என்று புத்தகத்தில் போட்டிருந்தார்கள். எங்களிடம் வருவதற்கு முன்னால் டாக்ஸியாக ஓடிய வண்டி. வருடம் பாக்கியிருந்தது, கிலோமீட்டர் முந்திக்கொண்டது. அதுவரை நன்றாக ஓடியது, அந்த எண்ணைத் தாண்டிய பிறகுதான் மூச்சிரைக்க ஆரம்பித்தது.

முன்பெல்லாம் தாம்பரத்தில் முழு சார்ஜோடு கிளம்பினால் ஜிஎஸ்டி ரோட்டில் திண்டிவனம் போய், கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். இப்போது மதுராந்தகம் ஏரி கண்ணில் பட்டதுமே மனக்கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். திரையில் 40 சதவீதம் என்று காட்டும். ஒரு மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் 12 ஆகிவிடும். முதலில் ஏசியை நிறுத்தினோம். பிறகு எஃப்எம்மையும் நிறுத்தினேன். பாட்டுக்கு அப்படியொன்றும் கரண்ட் ஆகாது. ஆனாலும் வீட்டில் கஷ்டம் என்றால் எல்லோரும்தானே பங்கெடுக்க வேண்டும்?

சர்வீஸ் சென்டரில் ஒரு தம்பி லேப்டாப்பைச் செருகிப் பார்த்தார்.

"பேக் மாத்தணும் சார்."

"அதுல எது தம்பி கெட்டுப்போச்சு?"

"பேக் சார்."

"உள்ளே நூறு செல் இருக்குமே, எல்லாமேவா?"

"உள்ளே நாங்க பிரிக்க மாட்டோம் சார். மாத்தினா பேக்காத்தான்."

காபி கொடுத்துவிட்டு எஸ்டிமேட்டை நீட்டினார். ஏழரை லட்சம். வண்டியை விற்றால் அதில் பாதிகூடத் தேறாது. வீட்டில் என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை நிதானமாகப் படித்துவிட்டு, "ஏழரையா? மாப்பிள்ளைக்கு எப்போ முடியுதாம்?" என்றார்.

ஜிஎஸ்டி ரோட்டில் ஆரம்பித்த கஷ்டம் கடைசியில் ஜிஎஸ்டியில் வந்து நின்றது. எஸ்டிமேட்டின் அடியில் வரி 18 சதவீதம் என்றிருந்தது. மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். அதாவது, இந்தப் பேட்டரியை நாலு சக்கரம், ஐந்து சீட், ஒரு ஹாரன் சகிதம் கேட்டால் 5. எனக்கு ஹாரன் வேண்டாம், வீட்டில் இருக்கிறது என்றால் 18. பழைய காரை வைத்துக் காலம் தள்ளுகிறவனைப் பார்த்தால் சர்க்காருக்கு என்ன கோபமோ.

மச்சினன் வேறொரு வழி வைத்திருந்தான். போனில் ஒரு வீடியோ. 2021 டிசம்பரில் பின்லாந்துக்காரர் ஒருவர், தன்னுடைய 2013 மாடல் டெஸ்லாவுக்குப் பேட்டரி மாற்ற 20,000 யூரோவுக்கு மேல் ஆகும் என்று கேள்விப்பட்டதும் 30 கிலோ டைனமைட்டைக் கட்டிக் காரையே வெடிக்கவைத்துவிட்டார். உள்ளே ஈலான் மஸ்க் முகத்தோடு ஒரு பொம்மையும் உட்கார்ந்திருந்தது. "இப்படியும் ஒண்ணு பண்ணலாம் மாமா" என்றான். எங்கள் அபார்ட்மெண்டில் தீபாவளிக்கு ஒரு சரம் கொளுத்தினாலே செக்ரட்டரி கடிதம் கொடுப்பார். அந்த யோசனையை அத்தோடு விட்டோம்.

சென்னையில் வண்டிச் சாமான் எது கிடைக்காவிட்டாலும் புதுப்பேட்டையில் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. போனேன். கடைக்காரர் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார்.

"பேட்டரியா? எத்தனை ஆம்ஸ் சார்?"

"முந்நூறு கிலோ இருக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது நம்மகிட்ட இல்ல சார். வண்டியக் குடுக்கறதுன்னா குடுங்க. இன்ஜின் நல்லா இருக்கா?"

"இன்ஜின் கிடையாது."

"சரி, கியர் பாக்ஸ், சைலன்சர்?"

"அதெல்லாம் இதுல வராதுங்க."

"அப்ப என்னதான் சார் கீது வண்டில?"

நியாயமான கேள்வி. பேட்டரிதான் இருக்கிறது, அதுவும் சரியில்லை.

கடைசியில் வழி பிறந்தது அம்பத்தூரில், ஆட்டோ ரிக்‌ஷாக்களின் லித்தியம் பேட்டரியைப் பழுது பார்க்கும் ஒருவரிடம். அதிகம் பேசாத மனிதர். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவைத்தார், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டார், சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். பேட்டரியின் ஆரஞ்சு நிற ஒயர்களில் இருப்பது முந்நூறு வோல்ட்டுக்கு மேல், அதுவும் டிசி. யூடியூப் பார்த்து வீட்டு வாசலில் திறந்துவிடலாம் என்று யாராவது நினைத்தால், முதலில் எல்ஐசி பிரீமியத்தைக் கட்டிவிட்டுத் திறக்கவும்.

பெட்டியைத் திறந்து அளந்து பார்த்ததில் கோளாறு மொத்தமே இரண்டு மாட்யூல்களில், அதாவது இரண்டு செல் கொத்துகளில்தான். மற்றவையெல்லாம் வயசுக்குத் தகுந்த ஆரோக்கியத்தோடு இருந்தன. இரண்டு கெட்டதற்கு வண்டியே ஏன் படுத்துக்கொள்ள வேண்டும்? கல்யாணப் பந்தியில் முதல் ஆள் இலையை மூடியதும் மொத்தப் பந்தியும் எழுந்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டால் எப்படி இருக்கும்? வரிசையாகக் கோத்த செல்களுக்கு அதுதான் சட்டம். பிஎம்எஸ் என்று ஒரு சர்க்யூட் பந்தி விசாரித்துக்கொண்டே இருக்கும். சார்ஜ் ஏறும்போது நோஞ்சான் செல் முதலில் "போதும்" என்று சொல்லும். மற்றவர்களுக்குப் பாயசம் வராவிட்டாலும் பந்தி முடிந்தது. ஓட்டும்போது அதே நோஞ்சானுக்குத்தான் முதலில் பசிக்கும், வண்டி நின்றுவிடும். 40 சதவீதம் திடீரென்று 12 ஆன மர்மம் இதுதான்.

புத்தம் புது மாட்யூல் போட்டால் பழசோடு ஒத்துப்போகாதாம். அதனால் விபத்தில் நசுங்கிய அதே மாடல் வண்டி ஒன்றிலிருந்து, கொள்ளளவு அளந்து, பொருத்தமானதாக இரண்டு எடுத்துப் போட்டார். ஜாதகம் பார்த்த மாதிரிதான். பிறகு எல்லா செல்லையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவர ராத்திரி முழுக்க மெதுவாக சார்ஜ் ஏற்றினார். செலவு லட்சத்துக்குச் சற்று மேல். பில்லின் பின்பக்கம் பேனாவால் ஒரு வருட கேரண்டியும் எழுதிக் கொடுத்தார். ஏழரை லட்சத்துக்கு வழவழப்பான தாளில் கிடைத்ததைவிட அந்தக் கையெழுத்தின்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

சர்வீஸ் சென்டர் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "வெளியே பிரிச்சுட்டீங்க சார், இனிமே பேட்டரி கம்ப்ளைண்ட்னா நாங்க பாக்க மாட்டோம்" என்றார். பிரிக்காதபோது மட்டும் பார்த்தார்களா என்று கேட்கவில்லை. காபி நன்றாக இருந்தது.

முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். திண்டிவனம் போய் வருகிறோம், ஏசி ஓடுகிறது. நாளைக்கே மூன்றாவது மாட்யூல் ஒன்று இலையை மூடலாம். அம்பத்தூர் பக்கத்தில்தானே இருக்கிறது.

மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரண்டி முடிய நாலைந்து மாதம் இருக்கும்போதே சர்வீஸ் சென்டருக்குப் போய், பேட்டரியின் கொள்ளளவு இப்போது எத்தனை சதவீதம் என்று சோதித்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். பல கம்பெனிகள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் செலவு தங்களுடையது என்று வாரண்டியிலேயே சொல்லியிருக்கின்றன. "நல்லாத்தான் சார் இருக்கு" என்று வாயால் சொன்னால் நகராதீர்கள். தாளில் எண் வரும்வரை அங்கேயே உட்கார்ந்து காபி குடியுங்கள்.