பின்சீட்டுப் பிழைப்பு

கேள்வி: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை பைக்கில் போய்ப் படமெடுக்கிறவர்கள் ஓசியில் ஊர் சுற்றுகிறார்களே, கொடுத்துவைத்தவர்கள்தானே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சுற்றுவது உண்மை. மூன்று வாரம், 21 கட்டம், ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். பார்ப்பதுதான் கிடையாது. ஆல்ப்ஸ் மலையே வந்து நின்றாலும் படமெடுக்கிறவருக்கு அது வீரரின் முதுகுக்குப் பின்னால் தொங்கும் படுதா. இறக்கத்தில் சைக்கிள்கள் மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் பாயும். பைக் அவற்றுக்கு முன்னால் ஓட வேண்டும். நம்மாள் பின்சீட்டில் உடம்பைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையிலும் கேமராவோடு! பிடித்துக்கொள்ள மூன்றாவது கையை ஆண்டவன் கொடுக்கவில்லை. மழைக்கு உறை கேமராவுக்குத்தான் முதலில். சாயங்காலம் வீரர்களுக்கு மசாஜ், இவருக்கு லேப்டாப். படம் உடனே போகாவிட்டால் பழைய செய்திதான்.

இதில் ஆசைப்பட்டு நுழைகிறவர்கள் வேறு. 1994இல் ஆர்மன்டியேர் ஊரில், முடிவுக் கோட்டருகே காவலுக்கு நின்ற போலீஸ்காரரே கேமராவோடு கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். பந்தய வீரர் நெலிசன் அவர்மேல் மோத, இன்னொரு வீரர் ஜலாபெர்ட்டும் விழ, இருவருக்கும் அந்த வருடப் பந்தயம் அத்தோடு சரி.

எந்த ஊர்ப் பந்தயமானாலும் செல்போனைத் தடுப்புக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள், ஐயா.