எட்டுக்கு ஒன்று

பாலர் பள்ளிச் சுவர்களில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வட்ட வட்டமாக மஞ்சள் முகங்கள்: மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம். இரண்டு வயதுப் பிள்ளை காலையில் வந்ததும் ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டவேண்டும். அதைப் படம் பிடித்துப் பெற்றோருக்கு அனுப்பிவிட்டால் அன்றைய சமூக, மனவெழுச்சி வளர்ச்சி முடிந்தது. பிள்ளை சோகத்தைத் தொட்டால்? தொட்டுக்கொள்ளட்டும். பின்னால் இன்னும் ஏழு பேர் நிற்கிறார்கள்.

ஏழு என்று சும்மா சொல்லவில்லை. பதினெட்டு முதல் முப்பது மாதம் வரையிலான பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது சிங்கப்பூரில் பல ஆண்டு விதி. கூட ஓர் உதவியாளர் வந்தால் அந்த மனுஷி கொஞ்சம் மூச்சு விடுவார் என்று நினைப்பீர்கள். விடமாட்டார், பிள்ளைகளைப் பன்னிரண்டாக்கிக்கொள்ள அதே விதி இடம் தருகிறது. ஒருவன் கடிப்பான். ஒருத்திக்குப் பேம்பர்ஸ் மாற்றவேண்டும். ஒருவன் அழுவதைப் பார்த்து நால்வர் அழுவார்கள். இதற்கு நடுவில் ஒவ்வொரு பிள்ளையோடும் நெருங்கிய பாசப் பிணைப்பு வேண்டும் என்கிறது, மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்காக அரசாங்கம் 2023ல் புதுப்பித்த கட்டமைப்பு. அருமையான ஆவணம். எழுதியவர்களுக்கு இரண்டு கைகளுக்கு மேல் இருந்திருக்கும்.

அதே ஆண்டு ஆகஸ்டில், உட்லண்ட்ஸ் மார்ட் கிண்டர்லேண்ட் பாலர் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் குழந்தையின் வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றும் காணொளி வெளியானது. நாடு கொதித்தது. அவரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்; நிறுத்தத்தான் வேண்டும். அடுத்து வந்தது உத்தரவு: 2024 ஜூலை 1 முதல் எல்லாப் பாலர் பள்ளிகளிலும் கண்காணிப்புக் கேமரா. கேமரா எம்சி எடுக்காது, சம்பள உயர்வு கேட்காது, பாதியில் வேலையை விட்டுப் போகாது. அழுகிற பிள்ளையைத் தூக்கவும் தூக்காது. அந்தக் கொடுமையை ஊருக்குக் காட்டியது கூட வேலை செய்த ஒருவரின் கைபேசி. அப்படிப்பட்ட இன்னொருவரை ஒவ்வோர் அறையிலும் கூடுதலாக வைத்தால் மாதாமாதம் சம்பளம் தரவேண்டுமே! எட்டு, அந்த உத்தரவிலும் எட்டாகவே இருந்தது.

பஃப்ளோ சாலை புளோக்கிலிருந்து போகும் தமிழ்ப் பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி உண்டு. "பாட்டிகிட்ட போணும்" என்று தேம்புகிறான். "யூஸ் யுவர் வேர்ட்ஸ்" என்கிறார் ஆசிரியர், கனிவாக, பயிற்சியில் சொல்லித் தந்தபடியே. அடப்பாவமே, அவன் வேறு யாருடைய சொற்களில் அழுகிறான்? அறையில் தமிழ் தெரிந்தவர் இல்லை. பல பாலர் பள்ளிகளில் தாய்மொழி என்றால் சீனம்தான். தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை போதாதாம். ஆறுதல் சொல்லவும் குறைந்தபட்ச ஆள்கணக்கு வேண்டும் போலிருக்கிறது. கடைசியில் பிள்ளையைப் பற்றிய அறிக்கை வரும்: உணர்வுகளை வெளிப்படுத்தத் தடுமாறுகிறான்.

பெற்றோரான நாம் உடனே பதறுவோம். 2023ல் துணைப்பாடத்துக்கு மட்டும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் 180 கோடி வெள்ளி செலவழித்தன; உணர்ச்சிக்கும் ஒரு வகுப்பு திறந்தால் முதல் வரிசையில் நிற்போம். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலை விரிக்கும்போதே பிள்ளை கையில் கைபேசியைத் திணித்துவிடுகிறோம், அவன் வாயைத் திறந்துவிடக்கூடாதே என்று. தண்ணீர் ஊற்றியவரைத் திட்டிய வாய்க்கு மீன்தலைக் கறி நன்றாகவே இறங்குகிறது.

என்னிடம் செலவில்லாத திட்டம் ஒன்று இருக்கிறது. விதி வகுப்பவர்களும் பாலர் பள்ளி நிறுவனங்களின் தலைவர்களும் முறை வைத்து ஆளுக்கொரு வாரம், காலை ஏழு முதல் மாலை ஏழு வரை, இரண்டு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேரோடு ஓர் அறையில் இருக்கட்டும். உதவியாளர் கேட்டால் தாராளமாகக் கொடுத்து, பன்னிரண்டாக்கிவிடலாம். கேமராவும் ஓடட்டும். திங்கட்கிழமை மதியப் பதிவைக் காசு கொடுத்துப் பார்க்க தேக்காவிலிருந்தே ஒரு கூட்டம் வரும்.