ஒரு குரோஸ் சக்கரம்

சிவகாசியில் பிறக்கும் பொருள்களுக்கெல்லாம் பொதுவான விதி ஒன்று உண்டு. தீப்பெட்டியானால் உரசித் தீர்க்க வேண்டும். பட்டாசானால் கொளுத்தித் தீர்க்க வேண்டும். தினசரிக் காலண்டரானால் நாளுக்கொரு தாளாகக் கிழித்துத் தீர்க்க வேண்டும். இப்படி அழிவதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்ட வஸ்துக்களை நூறாண்டுக் காலமாகத் தேசமெங்கும் அனுப்பிவருகிற ஓர் ஊரில், எரியாததும் வெடிக்காததும் கிழிக்க முடியாததும் விலைக்கு வராததுமான ஒரே ஒரு பொருளை மூன்று வருஷம் உட்கார்ந்து செய்கிற மனிதன் ஒருவன் இருந்தால், அவனைப் பற்றி ஊரார் என்ன அபிப்பிராயம் கொள்வார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்த மனிதன் அடியேன்தான். நான் செய்தது, இங்கிலாந்து தேசத்து டீசல் ரயில் எஞ்சின் ஒன்றின் மாதிரி. அசலில் எழுபத்தாறில் ஒரு பங்கு.

“அண்ணாச்சி, அது எப்ப வெடிக்கும்?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். வெடிக்காது என்றேன். “அப்ப மத்தாப்பு ஐட்டமா?” என்றார். அதுவும் இல்லை என்றதும், ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சுகர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்துப் போனார்.

இந்த விபரீதம் எனக்கு நேர்ந்ததற்கு என் உத்தியோகமே மூலகாரணம். முப்பத்திரண்டு வருஷம் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்தேன். ஆடிப் பதினெட்டில் புதிய வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளிவந்தாக வேண்டுமாதலால், சித்திரை வெயிலிலேயே அடுத்த வருஷத்து ஏகாதசிகளையும் முகூர்த்த நாள்களையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்க்கிற ஜீவனம். ஒரே ஒரு வருஷம் ஜூன் மாதத்துக்கு 31 தேதிகள் அச்சாகிவிட்டன. பிழை முழுக்க முழுக்க என்னுடையது. ஆயினும் அந்த இல்லாத நாளுக்கு இராகு காலமும் எமகண்டமும் அப்பழுக்கில்லாமல் கொடுத்திருந்தோம் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் திருப்தி உண்டு. இத்தகைய கண்ணும் இத்தகைய புத்தியும் படைத்த ஒருவன் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால், சாம்பாரில் மிதக்கும் கடுகை எண்ணத் தொடங்குவான். நான் தொடங்கினேன். அதைக் கவனித்த என் மனைவி, “வெளியே எங்கேயாவது போயிட்டு வாங்க” என்றாள்.

போன இடம் என் மைத்துனனின் கழிவுத்தாள் கிட்டங்கி. அங்கே கப்பலேறி வந்த ஒரு பொதிக்குள் பழைய ஆங்கில ரயில் சஞ்சிகை ஒன்று அகப்பட்டது. அதன் நடுப்பக்கத்தில், ஓர் அடியை நான்கு மில்லிமீட்டராகச் சுருக்கி, ஆணியோடு ஆணியாக வரையப்பட்டிருந்தது அந்த எஞ்சின். அந்நாட்டார் அதை ‘கிளாஸ் 37’ என்கிறார்கள். இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியார் 1960-க்கும் 1965-க்கும் இடையில் 309 எஞ்சின்கள் செய்தார்கள். பன்னிரண்டு சிலிண்டர், 1,750 குதிரைசக்தி, ஆறு அச்சு, நூறு டன்னுக்கு மேற்பட்ட கனம்; முன்னும் பின்னும் புடைத்த மூக்கு. அவற்றில் பெரும்பாலானவை பிறந்த தொழிற்சாலைக்கு வல்கன் பவுண்டரி என்று பெயர். வல்கன் என்பவன் ரோமாபுரியாரின் அக்கினி தேவன். 1853-ல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு நம் தேசத்தின் முதல் பயணி ரயிலை இழுத்த எஞ்சின்களும் அந்த அக்கினி தேவனின் பட்டறையிலிருந்து வந்தவையே. அக்கினியைப் பாக்கெட் போட்டு விற்கிற ஊர்க்காரனுக்கு இதைவிட நெருங்கிய பந்துத்துவம் என்ன வேண்டும்?

நம் வாசலில் ஓடிய எஞ்சினை விட்டுவிட்டுச் சீமைச் சரக்கு எதற்கு என்று சுதேசாபிமானிகள் கேட்பது நியாயம். 1927-ல் போட்ட விருதுநகர்–தென்காசி மீட்டர் பாதையில், திருத்தங்கல் தாண்டிச் சிவகாசிக்குள் கொல்லம் மெயிலை இழுத்து வந்த ஒய்.டி.எம். 4 என்னும் டீசலின் உறுமலில்தான் என் நடுவயது கழிந்தது. அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவத்தில் காசியில் செய்து, பொன்மலையில் பராமரித்த எஞ்சின் அது. அகலப்பாதை வந்ததும் அது போய்விட்டது. அதன் அளவுப்படம் எந்தப் பொதியிலும் எனக்கு அகப்படவில்லை. கண் முன்னால் இருபது வருஷம் ஓடிய எஞ்சினை ஒரு நாளும் டேப் வைத்து அளக்காத குற்றத்துக்காக, கண்ணால் காணாத ஓர் எஞ்சினைச் செய்யும்படி விதிக்கப்பட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூலப்பொருள்களைப் பொறுத்தவரை என்னைப்போன்ற பாக்கியசாலி லண்டன் மாநகரத்திலும் இருக்க மாட்டான். உடம்புக்குக் காலண்டர் அட்டை. கூரை வளைவுக்குப் பட்டாசுக் குழாய் சுற்றும் காகிதம். ஒட்டுவதற்கு லேபிள் பசை. ஜன்னல் கண்ணாடிக்கு என் இரத்த அழுத்த மாத்திரையின் உறை. ரேடியேட்டர் வலைக்கு டீ வடிகட்டி. கடைசிப் பொருள் காணாமற்போனது பற்றி வீட்டில் நடந்த விசாரணையை இங்கே விவரிக்க அவசியமில்லை. தண்டவாளத்துக் கட்டைகளுக்குத் தீப்பெட்டி ஆபீசிலிருந்து மருந்து முக்காத வெறுங்குச்சி கொண்டுவந்தேன். தொழிற்சாலையை ஆபீஸ் என்று சொல்லும் கௌரவமான வழக்கம் எங்கள் பக்கத்தில் மட்டும் உண்டு. இரண்டு குச்சிகளைச் சேர்த்து ஒட்டி 34 மில்லிமீட்டருக்கு நறுக்கினால் சீமைக் கட்டை ஒன்று தயார். நான்கடிப் பாதைக்கு 120 கட்டைகள், அதாவது 240 குச்சிகள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபோது, அந்தக் குச்சிகளுக்கு இப்படியொரு கதி நேருமென்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பாதை என்றதும் ஒரு விசேஷத்தைச் சொல்லியாக வேண்டும். அந்நாட்டு இருப்புப் பாதையின் அகலம் நாலடி எட்டரை அங்குலம். நான்கு மில்லிமீட்டர் கணக்கில் அது 18.83 ஆக வேண்டும். ஆனால் இங்கிலாந்தில் மாதிரி ரயில் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் 16.5 மில்லிமீட்டர் பாதையில்தான் ஓட்டுகிறார்கள்! ஐரோப்பாக் கண்டத்துப் பாதைக்கென்று செய்த அந்தக் காலத்து மோட்டார், பிரிட்டிஷ் எஞ்சினின் ஒடுங்கிய உடம்புக்குள் நுழையாமற்போகவே, உடம்பை மட்டும் சற்றுப் பெருக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆணித்தலையை எண்ணிச் சண்டை போடுகிற ஜனங்கள், பாதையில் ஏழு அங்குலம் குறைவதைக் கண்டும் காணாமல் ஒரு நூற்றாண்டாக இருந்து வருகிறார்கள். மனசாட்சி உறுத்தியவர்கள் தனிக்கட்சி கட்டி 18.83-ல் ஓட்டுகிறார்கள் என்பதும் உண்மையே. பிழை திருத்தி வயிறு வளர்த்த நான் அந்தக் கட்சியைத்தானே சேர வேண்டும்? 16.5-ல் சேர்ந்தேன். பித்தளைக் கம்பியை அந்த அகலத்தில் ஏற்கெனவே ஒட்டிவிட்டிருந்தேன்.

ஆணித்தலைச் சண்டை என்றேன். அதைவிடப் பெரியது மூக்குச் சண்டை. வண்டி எண் காட்டும் கண்ணாடிப் பெட்டி, முதலில் செய்த 119 எஞ்சின்களில் மூக்கின் இருபுறமும் இரண்டாகப் பிரிந்திருக்கும்; பின்னால் வந்தவற்றில் நடுவே ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஒன்றுக்குரிய எண்ணை மற்றொன்றின் மேல் எழுதிவிட்டால் அபசாரம். காஞ்சிபுரத்து யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று வழக்காடிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதெல்லாம் எளிதில் புரிகிற சங்கதிதான். நான் பிரிந்த பெட்டிக்காரன்.

சக்கரங்களுக்காக விருதுநகர் போனேன். முதற்கண் எண்ணெயில் பொரித்த புரோட்டா நான்கைச் சாப்பிட்டுத் தைரியம் வரவழைத்துக்கொண்டு, ஒரு லேத்துப் பட்டறையில் நுழைந்து, 15 மில்லிமீட்டர் விட்டத்தில் பித்தளைச் சக்கரம் பன்னிரண்டு வேண்டுமென்றேன். பருப்பும் மிளகாயும் மல்லியும் மூட்டைக்கணக்கில் கைமாறுகிற ஊரில், பன்னிரண்டு என்பது ஓர் எண்ணாகவே பாவிக்கப்படுவதில்லை. “அண்ணாச்சி, பன்னிரண்டுக்கு டூல் மாத்துனா எனக்குக் கட்டுபடியாகாது. ஒரு குரோஸ் எடுத்துக்கிடுங்க, ரேட்டைக் குறைச்சுத் தாரேன்” என்றார் பட்டறைக்காரர். குறைத்துத் தருகிறேன் என்ற சொல்லுக்கு மயங்காதவன் அந்த ஜில்லாவில் பிறந்திருக்க முடியாது. நூற்று நாற்பத்து நான்கு சக்கரங்களோடு, அதாவது பன்னிரண்டு எஞ்சின்களுக்குப் போதிய சக்கரங்களோடு, பஸ் ஏறினேன். பை கனத்ததைக் கண்டு பக்கத்துச் சீட்டுக்காரர், “கருப்பட்டியா?” என்று கேட்டார்.

அச்சோடு சக்கரத்தைப் பற்றவைக்க ஒரு சால்டரிங் கோல் வாங்கினேன். மாடி ஜன்னலருகே உட்கார்ந்து அதைச் சூடாக்கிய சில நிமிஷங்களில், தெருவே கீழே கூடிவிட்டது. வேறு ஊரில் ஜன்னலில் புகை வந்தால் சமையல் தீய்ந்தது என்பார்கள். எங்கள் ஊரில் புகையைக் கண்டால் ஜனங்கள் முதலில் குழந்தைகளைத்தான் தேடுவார்கள். அந்தப் பயத்தைப் பற்றி நான் நகைச்சுவை எழுதப்போவதில்லை. அது சம்பாதித்த பயம். அன்று முதல் நான் வேலைக்கு உட்காருமுன், பட்டாசு ஆபீஸ் அறை வாசலில் உடம்பின் மின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைவதுபோல, என் மனைவியின் அனுமதியைத் தொட்டுவிட்டு நுழைய வேண்டுமென்று ஏற்பாடாயிற்று.

வர்ணம் பூசுவதில் எனக்குச் சிரமமே இல்லை. பச்சை மசியையும் மஞ்சள் மசியையும் மைத்துனன் டப்பியில் அடைத்துக் கொடுத்தான். மூக்கில் மஞ்சள் எதற்கு என்றால், டீசல் வண்டி நீராவி வண்டிபோல் ஆர்ப்பாட்டம் செய்யாமல் வந்துவிடுகிறபடியால், பாதையில் வேலை செய்கிறவர்கள் தூரத்திலேயே கண்டுகொள்ள வேண்டுமென்று பூசினார்களாம். ஆயுத பூஜையன்று என் மனைவி அந்த மஞ்சளுக்கு நடுவே ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். வார்னிஷ் உலராதிருந்தபடியால் பொட்டு நிரந்தரமாயிற்று. 309-ல் எதற்கும் இல்லாத லட்சணம்!

இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. புதுசாகப் பளபளக்கிற எஞ்சினை, ஓடிக் களைத்ததுபோலத் தோன்றும்படி புழுதியும் துருவும் எண்ணெய்க்கறையும் பூசி அழுக்காக்குவது அங்கே ஒரு தனிக்கலை. டப்பியில் அடைத்த அழுக்குப் பொடியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இதை நான் பிரஸ்தாபித்தபோது என் மனைவி, “அவங்களை நம்ம தெருவுக்கு வரச் சொல்லுங்க” என்றாள். நானும் நம்பிக்கையோடு எஞ்சினை மாடத்தில் பல நாள் திறந்து வைத்தேன். கரிசல் புழுதியும் லாரிப் புகையும் சேர்ந்து, எந்தத் தூரிகையும் தர முடியாத ஒரு முதுமையை அதற்கு அளித்தன. தீபாவளிக்கு முந்தின நாள் வீடு ஒட்டடை அடித்தபோது, அந்த முதுமையும் ஈரத்துணியால் சுத்தமாகத் துடைக்கப்பட்டது.

தீபாவளியன்று சாயங்காலம் வெள்ளோட்டம். மகள், மாப்பிள்ளை, மைத்துனன் குடும்பம், எதிர்வீட்டுக்காரர் சகிதம் முற்றம் நிறைந்திருந்தது. அதே முற்றத்தில் என் பேரன் ஜன்னல் கம்பியிலிருந்து முருங்கை மரத்துக்கு நூல் கட்டி, ரயில் வெடி ஒன்றைக் கோத்து வைத்திருந்தான். விலை அற்பம். திரியைக் கிள்ளிப் பற்றவைத்தான். சீறிக்கொண்டு மரத்துக்கு ஓடிற்று. அங்கே முட்டிப் பின்புறமாகத் தீ கக்கித் திரும்பி ஓடிவந்தது. போக்குவரத்து முழுவதும் நாலைந்து விநாடி. எல்லோரும் கைதட்டினார்கள்.

“இப்பத் தாத்தா ரயிலு” என்றான்.

பன்னிரண்டு வோல்ட் மின்சாரத்தை இரண்டு பித்தளைத் தண்டவாளங்களுக்கும் கொடுத்தேன். பித்தளைச் சக்கரம், பித்தளை அச்சு, மறுபக்கமும் பித்தளைச் சக்கரம். ஒரு தண்டவாளத்தில் வந்த மின்சாரம் மோட்டாரை எட்டிப் பார்க்காமலே அச்சு வழியாக மறு தண்டவாளத்துக்குப் போகக்கூடும் என்பது, இல்லாத ஜூன் 31-ஐப்போலவே, என் கண்ணுக்குத் தப்பியிருந்தது. சுர்ரென்று ஒரு சத்தம். ஒரு நீலப் பொறி. பிறகு படாரென்று ஓர் ஓசையோடு மின்சாரப் பெட்டியின் பீஸ் போய், முற்றம் இருண்டது.

அந்த இருட்டில் எதிர்வீட்டுக்காரரின் குரல் மட்டும் மிகுந்த நிம்மதியோடு கேட்டது: “வெடிச்சிருச்சுல்ல, அண்ணாச்சி! நான் அன்னைக்கே நினைச்சேன்.”

மறுநாள் நான் எழுந்திருக்கத் தாமதமாயிற்று. எழுந்திருக்க உத்தேசமும் இல்லை. திண்ணையில் கடகடவென்று ஏதோ உருளும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், பேரன், எரிந்துபோன ரயில் வெடிக் குழாயின் அடியில் என் சக்கரங்கள் நான்கை மாட்டி, சரிவில் ஓட்டிக்கொண்டிருந்தான். பத்து நிமிஷ வேலை. ஓட்டமோ அபாரம். அச்சுக்கு என்ன வைத்தான் என்று குனிந்து பார்த்தேன். விளக்குமாற்றிலிருந்து உருவிய தென்னை ஈர்க்கு. ஈர்க்கு மின்சாரம் கடத்தாது. வெர்னியரை எடுத்து வந்து சக்கரத்துக்குச் சக்கரம் அளந்து பார்த்தேன். பத்தொன்பதுக்கு ஒரு மயிரிழை குறைவு. தனிக்கட்சிக்காரர்களின் கணக்கு அது!

விளக்கு வைக்கிற நேரம்வரை யோசித்துவிட்டு, என் மனைவியிடம் போய், ஆறே ஆறு ஈர்க்கு வேண்டும் என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கு வச்சப்புறம் விளக்குமாத்தைத் தொடாதீங்க” என்றாள்.